பாயிண்ட்டில் டபுள் பிருவெட்: வலது பக்கம் ஒருவழியாக நின்றது

பாலேயில் ஒற்றைக் காலில் நின்று சுற்றுவது பிருவெட், கெட்டி நுனி வைத்த ஷூவில் விரல் நுனியில் நிற்பது பாயிண்ட். ஃபோர்த்திலிருந்து (ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்த நிலை) வெளிப்பக்க டபுள், அதாவது தாங்கும் காலிலிருந்து விலகும் திசையில் இரண்டு சுற்று, வலது பக்கம், பாயிண்ட்டில். இப்போது பத்துக்கு ஏழு நிற்கிறது. இடது பக்கம் பத்துக்கு இரண்டுகூட ஒழுங்காக வரவில்லை, அது கடைசியில்.

கோளாறு எப்போதும் ஒரே மாதிரிதான். சிங்கிள் சுத்தமாக வரும், இரண்டாவது சுற்று பாதியில் உடம்பு பின்னால் சரியும். "கையில் இன்னும் விசை கொடு, தலையைச் சீக்கிரம் திருப்பு" என்பதுதான் எல்லோரும் சொல்லும் வைத்தியம். விசையைக் கூட்டினால் தோள்தான் முதலில் பறக்கிறது, விழுவதும் வேகமாகிறது. பம்பரம் வேகத்தால் நிற்கும். மனித உடம்பு அந்த வேகத்தில் சுற்றுவதே இல்லை. ஏறும்போதே ஒரு டிகிரி சாய்ந்திருந்தால் சிங்கிளில் தெரியாது. சாய்வு தானே பெருகி டபுளில் ஆளைத் தள்ளிவிடும். ஆகவே பார்க்க வேண்டியது ரெலெவே, அதாவது குதிகாலைத் தூக்கி ஏறும் விதம்.

தையல்காரர் சாக்கட்டியை பிளாட்ஃபார்மில் (ஷூவின் தட்டையான நுனி) நன்றாகத் தேய்த்துவிட்டு, தாங்கும் காலின் பெருவிரல் நுனிக்கு நேராகத் தரையில் ஒரு கோடு போட வேண்டும். ஃபோர்த்திலிருந்து பாஸேவுக்கு (மற்றக் காலின் விரல் முட்டியைத் தொடும் நிலை) ஏறி, சுற்றாமல் இறங்கிப் பார்த்தால் சாக் பதிந்த இடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். எனக்குக் கோட்டிலிருந்து அரை அங்குலம்கூட அது உள்ளே வரவில்லை. அதாவது கால் துள்ளவில்லை, உருண்டு ஏறியிருக்கிறது.

டெமியில், அதாவது குதிகாலை மட்டும் தூக்கி முன்பாதத்தில் நிற்கும்போது, இந்தப் பழக்கத்தால் நஷ்டமில்லை, பாதத்தின் முன்பந்து இருந்த இடத்திலேயே இருந்து எடையைத் தாங்கும். பாயிண்ட்டில் தாங்கும் புள்ளி விரல் நுனிக்குப் போய்விடுகிறது. நுனி பின்னால் வராவிட்டால் இடுப்பு இரண்டு அங்குலம் முன்னால் போயாக வேண்டும், அதுவும் சுற்று தொடங்கும் அதே நொடியில். போகாது. பின்னால் விழுவது அதனால்தான். பாலே பயிற்சி முறைகளில் செக்கெட்டி முறையில் ரெலெவேக்குச் சின்னத் துள்ளல் உண்டு, பிரெஞ்சு முறையில் வழுக்கினாற்போல் ஏறுவார்கள். எந்த முறையில் படித்திருந்தாலும் சரி, ஃபோர்த்திலிருந்து சுற்றுவதற்குத் துள்ளல்தான் லாயக்கு.

இந்தப் பாதத்துக்கு அளந்து பார்த்ததில் நுனி இரண்டேகால் அங்குலம் உள்ளே இழுபட வேண்டும். அங்கே இரண்டாவது கோடு. வாரம் மூன்று நாள், பக்கத்துக்கு இருபது தடவை, சுற்றே கிடையாது: துள்ளி ஏறி நாலு எண்ணும்வரை நின்று இறங்குவது மட்டும். பிறகு கால் சுற்று, அரை, சிங்கிள். டபுளுக்கு வந்தபோது டெமியில் சிங்கிளுக்குக் கொடுக்கும் விசைக்குக் கொஞ்சம் மேலே போதுமாக இருந்தது.

நுனி இழுபடாமல் போக இரண்டு காரணம் அகப்பட்டது. ஒன்று, ப்ளியே (முட்டி மடிப்பது) முடியுமுன்பே குதிகால் கிளம்பிவிடுவது. இன்னொன்று ரோசின், வழுக்காமலிருக்க ஷூவில் தடவும் பிசின் தூள். கொஞ்சம் கூடினாலும் நுனி ஒட்டிக்கொள்ளும். உடம்பு திரும்பி ஷூ திரும்பாவிட்டால் அந்தத் திருகு முட்டியில்தான் இறங்கும். நான் ஆடும் ப்ளைவுட் பலகையில் குதிகாலுக்கு மட்டும் ஒரு தொடல் போதும். பிளாட்ஃபார்மின் சாட்டினை வெட்டி எடுத்துவிட்டு, விளிம்பைச் சுற்றி கெட்டியான குரோஷா நூலில் நெருக்கமாகத் தைத்தால் ரோசின் தேவையே குறைகிறது. கோணி ஊசி வேண்டாம், சாட்டினில் ஓட்டை விழும். கம்பளி தைக்கும் ஊசி சரியாக இருக்கிறது, ஆனால் கட்டைவிரலுக்குத் தோல் உறை கட்டாயம். 1832-இல் பாலே கலைஞர் மேரி டாக்லியோனி ஏறி நின்றது தட்டையான பிளாட்ஃபார்மே இல்லாத மெல்லிய சாட்டின் செருப்பில். நுனியில் போட்ட தையல்தான் அதற்குப் பலம்.

குன்னூரில் இன்னொரு தலைவலி ஈரம். ஷூவில் விரல்களைச் சுற்றியிருக்கும் கெட்டிப் பகுதியான பாக்ஸ் என்பது துணியும் காகிதமும் பசையும்தானே. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு வகுப்பில் நனைந்த ஷூ இரண்டு நாளானாலும் காய்வதில்லை. ஓரம் மெத்தென்று ஆனதும் கால் உள்ளே அமிழ்ந்துவிடும், அப்புறம் எந்தத் துள்ளலும் கோட்டுக்கு வராது. இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுவது, விரல் பஞ்சை உடனே எடுத்துவிடுவது, துணிப்பையில் காற்றாடத் தொங்கவிடுவது, இது அடிப்படை. ஹீட்டர் முன்னால் வைத்தால் பசை நொறுங்கும்.

மெத்தென்று ஆன பாக்ஸைக் கெட்டியாக்க அவலரக்கு (ஷெல்லாக் செதில்) நன்றாக வேலை செய்கிறது. 100 மில்லி ஸ்பிரிட்டுக்கு 25 கிராம் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, நடுநடுவே குலுக்கி, ஒரு தேக்கரண்டி பாக்ஸுக்குள் ஊற்றிச் சுழற்றி மீதியை வடித்துவிட வேண்டும். அடுப்புப் பக்கம் போகவே கூடாது. அரக்கு மரச்சாமான் பாலீஷ் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். ஸ்பிரிட் கேட்டால்தான் மேலும் கீழும் பார்க்கிறார்கள். மூடுபனி நாளில் ஊற்றினால் அரக்கு வெள்ளை பூக்கும். உள்ளே இருப்பதால் அழகு கெடாது, காய மட்டும் இரட்டிப்பு நேரம். ஷாங்க் (உள்ளங்காலுக்கு அடியிலிருக்கும் கெட்டித் தகடு) மடிப்புக்கு ஃபெவிக்விக் ஒரு சொட்டு. அது காற்றின் ஈரத்தால் இறுகும் சரக்கு, எனவே இந்த ஊருக்கு ஏற்றது. பருத்தித் துணியில் பட்டால் சுடும், காலில் போட்டிருக்கும்போது விடக்கூடாது.

ஸ்பாட்டிங்குக்கு (சுற்றும்போது பார்வையை ஒரே இடத்தில் நிறுத்துவது) ஜன்னலை நம்பினால் பனி வந்ததும் இலக்கு காணாமல் போகும். சுவரில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. ஆனால் வெறுங்காலில் நிற்கும் கண் மட்டத்தில் ஒட்டினால் தப்பு, பாயிண்ட்டில் ஏறும்போது கண் ஐந்து அங்குலம் உயரும், மோவாய் தாழும், முதுகு பின்னாலேயே போகும். ஏறி நின்ற உயரத்தை அளந்து ஒட்ட வேண்டும். பரதத்திலிருந்து வருகிறவர்களுக்கு அரைமண்டியால் இடுப்புத் திருப்பம் சுலபமாக வரும், ஆனால் கை போகும் இடத்துக்குக் கண் போகிற பழக்கம் இங்கே பகை.

இடது பக்கத்துக்கு வருவோம். தாங்குவது வலது கால். சாக் கறை ஒரு அங்குலம்தான் உள்ளே வருகிறது, அதுவும் சுண்டுவிரல் ஓரத்தில் மட்டும் தடித்துப் பதிகிறது. அந்தக் காலில் இரண்டாவது விரல் பெருவிரலைவிட நீளம், எடை வெளியே ஒதுங்குகிறது. பெருவிரலுக்கு ஜெல் மூடி போட்டு உயரத்தைச் சமன்செய்து பார்க்கப் போகிறேன். அது சரியாவதற்குள் பீக்கே சுற்றுக்கு (நேராக நீட்டிய காலின் நுனியில் அடி வைத்து ஏறிச் சுற்றுவது) ஆசை வந்துவிட்டது. 20 மில்லிமீட்டர் ஃபோம் பாயின் மேல் கிடக்கும் எட்டுக்கு நாலடி, 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் மூன்று பீக்கேதான் அடங்கும், நாலாவது சிமெண்ட் தரையில் போய் இறங்கும். இரண்டாவது பலகை வாங்கி நீளவாக்கில் சேர்க்க வேண்டும். சேரும் இடத்தில் விளிம்பு தட்டாமல் இருக்க, அடியில் அரையடி அகலத்துக்கு ஒரு துண்டு ஸ்க்ரூ போட்டு இணைக்கலாம் என்று யோசனை.