பஸ்ஸில் டிக்கெட் கேட்பதும் சிகிச்சைதான்

வேலூர் பஸ் ஸ்டாண்டிலோ காட்பாடி ஸ்டேஷன் வாசலிலோ வருஷக்கணக்கில் கிடந்து, மனநோய் சிகிச்சைக்குப் பின் இல்லங்களில் தங்கியிருப்பவர்களுக்குப் பேசிப் பழகச் சொல்லித்தரும் தம்பி தங்கைகளுக்கு இது.

ஒரு வகுப்புக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர், பயிற்சியாளர் இருவர், முக்கால் மணி நேரம். மாத்திரை மயக்கத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் வைக்காதீர்கள்.

ஒரு வாரத்துக்கு ஒரே திறன். கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: அவர் பக்கம் திரும்பு, ‘அண்ணா, பாகாயம் ஒண்ணு’ என்று காதில் விழும்படி சொல், காசை நீட்டு, மிச்சத்தை எண்ணி வாங்கு. (சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை, ஆனால் ஊர் சொல்லி டிக்கெட் வாங்கணும்.) முதலில் நீங்கள் நடித்துக் காட்டுங்கள், பிறகு கற்றுக்கொள்பவர். ‘நல்லா பண்ணீங்க’ என்பது போதாது. ‘ஊர் பேரைத் தெளிவா சொன்னீங்கய்யா’ என்று சொல்லுங்கள். திருத்தம் ஒன்றே ஒன்று, உடனே மறுபடி ஒரு தடவை.

பெரும்பாலும் கெடுவது, கண்ணைப் பார்க்கச் சொல்லும்போது. தெருவில் நேருக்கு நேர் பார்த்தால் வம்பு வரும் என்று பட்டுத் தெரிந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள். நெற்றியைப் பார்த்தால் போதும். முகத்தில் சலனமில்லை, பதில் தாமதம் என்றால் திமிர் இல்லை. நோயின் அறிகுறி, சில சமயம் மாத்திரையின் விளைவு. பத்து எண்ணும்வரை பொறுங்கள். ‘வேண்டாம்’ என்று மறுக்கக் கற்றுத்தராமல் யாரையும் தனியே வெளியே அனுப்பவே கூடாது.

அறைக்குள் கற்றது அறையோடு நின்றுவிடும். அதே வாரம், கூட்டம் குறைந்த பதினொரு மணி வாக்கில், கூடவே பஸ் ஏறுங்கள். கண்டக்டரிடம் கூட வருபவரின் நோயைப் பற்றி மூச்சு விடாதீர்கள். 2017 மனநலச் சட்டப்படி அந்த ரகசியம் அவருடைய உரிமை.