டிக்கெட்டில் உள்ள நேரக் கணக்கு

லண்டன் புறப்பாடு காலை 11, நியூயார்க் வருகை பகல் 2. "மூணே மணி நேரமா?" என்று ஒருவர் டிக்கெட்டைக் காட்டிக் கேட்டார்.

இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். நடுவில் 5 மணி வித்தியாசம். ஆக, பயணம் 8 மணி நேரம்.

சரி, தூரம் சுமார் 5,540 கி.மீ. விமானத்தின் வேகம் மணிக்கு 900. வகுத்தால் ஆறேகால் மணிகூட வராதே?

டிக்கெட்டில் போடுவது பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் கேட்டை (பயணிகள் ஏறும் வாசலை) விட்டு நகர்வதிலிருந்து அடுத்த கேட்டில் நிற்பது வரை எல்லாமே சேர்த்தி. ஓடுபாதை வரிசையில் நிற்பதற்கே அரை மணி போய்விடும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த 900 கிடையாது.

பெரிய ஆள் காற்றுதான். 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் ஸ்ட்ரீம், போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. அதனால் திரும்புவதற்கு 7 மணி நேரமே போதும். குளிர்காலத்தில் இன்னும் குறையும். 2020 பிப்ரவரியில் புயல் காற்றோடு ஒரு போயிங் 747, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்குள் வந்துவிட்டது!

தோராயமாகத் தெரிய, தூரத்தை 800ஆல் வகுத்து முக்கால் மணி கூட்டுங்கள். மேற்கே நெடுந்தூரம் என்றால் இன்னொரு அரை மணி.