நான்காவது தாமதம்: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

3 மார்ச் 2025
முனைவர் பட்ட ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை எழுத, மலேசியாவில் ஈப்போ நகருக்குப் பக்கத்திலுள்ள சுங்கை சிப்புட் வீட்டுக்கே வந்துவிட்டேன். ஏழை நாடுகளில் அடிபட்டவர்களுக்குச் சிகிச்சை நியாயமாகக் கிடைக்கிறதா என்பதுதான் தலைப்பு. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4.4 மில்லியன் பேர் காயங்களால் இறக்கிறார்கள். இந்த எண்ணை எழுதி எழுதி எனக்கு மரத்தே போய்விட்டது.

5 மார்ச்
தாடியஸும் மெய்னும் 1994இல் சொன்ன மூன்று தாமதங்களைப் பற்றி எழுதினேன்: ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று முடிவெடுக்க, போய்ச் சேர, சேர்ந்தபின் வைத்தியம் கிடைக்க. பிரசவ மரணங்களை வைத்துச் சொன்னது அது. இப்போது காயத்துக்கும் அதையே எடுத்தாள்கிறோம்.

அப்போது முறையான ஆம்புலன்ஸ் சேவை இல்லாதிருந்த கானாவில் டாக்சி, லோரி ஓட்டுநர்களுக்கு முதலுதவி கற்பித்துப் பார்த்தார்கள். 2002இல் அந்தக் கட்டுரை வந்தது. அப்பாவிடம் சொன்னேன். "அப்போ நம்ம தோட்டத்துல மட்டும் என்னவாம்? கித்தாப் (ரப்பர்) பால் ஏத்துற லோரிதான் ஆம்புலன்ஸ்" என்றார்.

8 மார்ச்
பக்கத்து வீட்டு மாமாவைப் பார்த்தேன். செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டிவந்தவர். போன வருஷம் வேலை நேரத்தில் செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, எலும்பு வெளியே தெரிகிற முறிவு. தோட்டத்து வண்டியில் ஈப்போ போய், அன்றிரவே அறுவை சிகிச்சை. அறுவை சிகிச்சை செய்யக்கூடிய ஆஸ்பத்திரிக்கு 2 மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடிய வேண்டும் என்று, உலகளாவிய அறுவை சிகிச்சைக்கான லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2015இல் வைத்த அளவுகோலில் முழுத் தேர்ச்சி.

பிசியோதெரபிக்கு (இயன்முறைச் சிகிச்சைக்கு) போய்வந்த அட்டையைக் காட்டினார். மேலே நாலைந்து வரியில் முத்திரை, அதற்குக் கீழே வெறும் கட்டங்கள்.

"ஏன் மாமா நிறுத்திட்டீங்க? ஃபீஸ் ஒண்ணும் பெருசு இல்லையே."

"ஃபீஸா கணக்கு? எம்.சி. (மருத்துவ விடுப்பு) இருந்தவரைக்கும் சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) காசு வந்துச்சு. இப்போ ஈப்போ போனா ஒரு நாள் கூலி போச்சு."

கால் சரியாக மடங்கவில்லை. குலை வெட்ட முடியாமல் உதிரிப் பழம் பொறுக்குகிறார்; சம்பளமும் இறங்கிவிட்டது.

11 மார்ச்
மாமாவைப் பற்றி எழுதி அனுப்பியதற்கு ஆய்வு மேற்பார்வையாளர் பதில் போட்டிருக்கிறார்: ஒருவர் கதை சான்று ஆகாது, மலேசியா ஏழை நாடும் இல்லை. இரண்டும் சரிதான். ஆனால் ஈப்போவுக்கு நல்ல சாலை இருக்கிற ஊரிலேயே இந்த நிலை என்றால்? மாமா இந்த மூன்று தாமதங்களில் எதிலும் சிக்கவில்லை; சிக்கியது நான்காவது ஒன்றில், வீடு திரும்பியபின் மறுவாழ்வுச் சிகிச்சை கிடைப்பதில். உயிரோடு வீடு திரும்பியவரை வெற்றி என்று எழுதிவிட்டு, அவர் பழைய வேலைக்குத் திரும்பினாரா என்று கேட்காத கட்டுரைகள் என் அடுக்கில் நிறைய. மறுவாழ்வுச் சிகிச்சைக்குத் தனிப் பகுதி வைக்கப்போகிறேன். அத்தியாயம் தள்ளிப்போகும். போகட்டும்.