துணி காயாத மாதம்

அக்டோபர் 18

ஐப்பசி பிறந்துவிட்டது. உப்பு ஜாடி கசியத் தொடங்கிவிட்டது, அடியில் ஒரு விரற்கடை தண்ணீர். வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே போட்டேன். தீப்பெட்டிகளை அரிசிப் பானைக்குள் புதைத்தாயிற்று.

சின்னவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். குழந்தைக்காக இவருடைய பழைய எட்டு முழ வேட்டி நாலைக் கிழித்தேன். சத்தமே வரவில்லை, அவ்வளவு நைந்து மெத்தென்று இருக்கிறது. 24 துணி தேறியது. கரையை எடுத்துவிட்டுக் கிழி, கரை குழந்தை தொடையை அறுக்கும் என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தார். என் இரண்டு பெண்களுக்கும் அவர்தான் கிழித்துக் கொடுத்தார். இப்போது கண் தெரியவில்லை. விரலால் தடவிப் பார்த்து ஒவ்வொன்றாக மடித்தார்.

அக்டோபர் 20

ராத்திரி விளக்கு முழுக்க ஈசல். காலையில் வாசல் நிறைய இறகு.

அக்டோபர் 24

மழை பிடித்துக்கொண்டது. முதல் இரண்டு நாள் எனக்குச் சந்தோஷம்தான். சித்திரை வைகாசியில் வேர்த்துக் கொட்டி, ஆனி ஆடியில் கச்சான் காற்றில் வாயெல்லாம் மணலாகி, புரட்டாசிப் புழுக்கத்தில் மூச்சு முட்டி, அப்புறம் ஒரு மத்தியானம் கடல் பக்கம் கருத்துக்கொண்டு கொண்டல் அடிக்கும் பாருங்கள், அந்தக் காற்றுக்காகத்தான் பத்து மாதம் இந்த ஊரில் இருக்கிறோம் என்று தோன்றும். மழைக்கு முன்னால் தாழம்பூ வாசனை வந்தது. ராத்திரி முழுக்கத் தவளை. சின்னவள் ஜன்னல் ஓரம் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டு, திருப்பூரில் இந்தச் சத்தம் கிடையாதும்மா என்றாள்.

மூன்றாம் நாள் கொல்லையில் பாசி பிடித்துவிட்டது. கிணற்றடியிலிருந்து கழிவறை வரை சிமெண்டுத் தரை பச்சையாக மினுங்குகிறது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேங்காய்ச் சவுரியால் தேய்த்தேன். மத்தியானம் ஒரு மழை, சாயங்காலம் மறுபடி வழுக்கல். அவளைத் தனியாகப் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ராத்திரி அவள் எழுந்தால் எனக்கும் விழிப்பு வந்துவிடுகிறது. இரண்டு சாக்கை விரித்துப் போட்டேன், சாக்கும் வழுக்குகிறது.

அக்டோபர் 27

துணி காயவில்லை.

அக்டோபர் 29

ஏன் காயவில்லை என்று இன்றைக்குத்தான் பிடிபட்டது. மூன்று நாளாகக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டிப் போட்டிருக்கிறேன். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், மடித்து வைத்து மறுநாள் எடுத்தால் சில்லென்று ஈரம். மழைதான் காரணம் என்று நினைத்தேன். அத்தை ஒரு துணியை வாங்கி நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தார். "போர் தண்ணியிலயா அலசுன?" என்றார்.

ஆமாம், போர் தண்ணீர்தான். குழாயில் கொள்ளிடத் தண்ணீர் வந்து நாலு நாள் ஆகிறது. வருகிறதைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைக்கிறோம், துவைக்கவெல்லாம் போர்தான். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, தலைமுடி பிசுக்காகும். துணியில் உப்பு நின்றுவிட்டால் அது காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஜாடியில் நடப்பதுதான் கொடியிலும் நடக்கிறது. முப்பது வருடமாக இந்த வீட்டில் இருந்தும் இதை நான் யோசித்ததில்லை. நமக்கு என்ன, அப்படியே உடுத்திக்கொள்கிறோம். பிறந்த குழந்தையின் தோலுக்கு எப்படிப் போடுவது?

ஓட்டு இறவாரத்தில் அண்டாவை வைத்து மழைத்தண்ணீர் பிடித்தேன். 24 துணியையும் அதில் இரண்டு தரம் அலசினேன். நல்ல தண்ணீர் கொட்டுகிற நாளில் வெயில் இல்லை, வெயில் காய்கிற நாளில் நல்ல தண்ணீர் இல்லை.

நவம்பர் 1

மரம் ஏறுகிறவர் வரவில்லை. இது மூன்றாம் தடவை.

கஜா புயலில் சாய்ந்த தென்னை. அடி படுத்துக் கிடந்து, இடுப்பளவில் வளைந்து, நுனி மட்டும் மேலே நிமிர்ந்து இன்னும் காய்க்கிறது. இவருக்கு அதன் மேல் உயிர். 43 மரத்தில் மிஞ்சிய ஆறில் ஒன்று. இப்போது அதன் தலை சின்னவள் படுக்கிற அறைக்கு மேலே வந்துவிட்டது. மழைக்காலம் முடியட்டும் என்கிறார் இவர். மழைக்காலம்தானே பயமே.

நவம்பர் 4

இன்று வெயில்! காலை 9 மணியிலிருந்து 2 மணி வரை சுள்ளென்று அடித்தது. தெரு முழுக்க எல்லார் வீட்டு மதிலிலும் பாய், தலையணை, பள்ளிக்கூடச் சீருடை, நெல். நானும் துணி அத்தனையும் போட்டேன். 2 மணிக்கு எடுக்கும்போது மொறமொறவென்று இருந்தது, முகத்தில் வைத்துக்கொண்டேன். தகர டப்பாவில் போட்டு இறுக்கி மூடினேன்.

ஆறுகாட்டுத்துறையிலிருந்து நண்டு வந்தது. சின்னவளுக்குச் சளி. மிளகு தட்டிப் போட்டு நண்டு ரசம் வைத்தேன், இரண்டு தம்ளர் குடித்தாள். காலில் வீக்கம் இருக்கிறது, விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக மேலே வருகிறது. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ரசத்தில் உப்புப் போடாமல்தான் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் குடித்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நவம்பர் 6

சம்பந்தியம்மா போனில் பேசினார். நல்லவர், குறை சொல்லுகிற ஆள் இல்லை. ஆனாலும் "எங்க தெருமுனையிலேயே ஆஸ்பத்திரி இருக்கு, முதல் பிரசவம் தாய் வீட்டிலதான்னு நீங்க சொன்னதால அனுப்பினோம்" என்றார். நான் என்ன சொல்ல? இங்கிருந்து நாகப்பட்டினம் ஒன்றேகால் மணி நேரம், அதுவும் சாலையில் தண்ணீர் நிற்காத நாளில். வளைகாப்பு முடிந்து அழைத்து வரும்போது எனக்கு இருந்தது ஆசை மட்டும்தான். ஐப்பசி கார்த்திகையை எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருந்தாலும் அழைத்து வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

கூடத்து மின்விசிறி இன்று நின்றுவிட்டது. இறக்கிப் பார்த்தால் மேல் மூடி துருப்பிடித்து அப்பளம் மாதிரி உதிர்கிறது. வாங்கி இரண்டு வருடம். இந்த வீட்டில் இரும்பு என்று எதை வைத்தாலும் கடல்காற்று மென்று தின்றுவிடுகிறது: கேட்டின் கீல், அடுப்பின் பர்னர், பீரோவின் கால். புடவையில் குத்தி வைத்த ஊக்குகூடத் துணியில் பழுப்புக் கறை விட்டுவிடும். குழந்தைத் துணிப் பக்கம் ஊக்கே போகக் கூடாது.

நவம்பர் 9

தகர டப்பாவின் மூடி உள்பக்கம் வேர்த்திருக்கிறது. மேலே இருந்த நாலு துணி சில்லென்று ஆகிவிட்டது.

நவம்பர் 11

வயலுக்குப் போய் வந்தார். ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்ட பிறகு சொன்னார்: நேரடி விதைப்பு சம்பா, முழங்கால் தண்ணீரில் நிற்கிறது. நுனி தெரிகிறது, அதுவரை பரவாயில்லை. அடப்பாறு நிரம்பி ஓடுகிறது, வடிகாலில் வெங்காயத்தாமரை பாய் விரித்த மாதிரி அடைத்துக்கொண்டிருக்கிறது, கடலும் ஏறியிருப்பதால் தண்ணீரை வாங்கவில்லை. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும் கடைமடை வந்து சேரக் காத்துக் காத்துக் கிடப்போம். வேண்டாத நாளில் மேலே இருக்கிற ஊர்களின் தண்ணீரெல்லாம் நம் வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். நாலு நாளில் வடிந்தால் பயிர் பிழைக்கும் என்றார். நாலு நாள் என்று எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 13

பூநாரை வந்துவிட்டதாம். கோடியக்கரைக்குப் போய் வந்த கொழுந்தனார் சொன்னார். சின்னவள் பார்க்க வேண்டும் என்கிறாள். பெற்றுப் பிழைத்து வா, மாசியில் மூன்று பேருமாகப் போகலாம் என்றேன். மூன்று பேர் என்று வாயில் வந்ததும் இரண்டு பேருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நவம்பர் 14

பால்சுறாவுக்குச் சொல்லி வைத்திருந்தேன். பிரசவமான பிறகு புட்டு செய்து கொடுத்தால் பால் நன்றாக ஊறும் என்பார்கள். மீன்காரம்மா, கோடியக்கரையில் இப்போது சீசன், வெளியூர்ப் படகெல்லாம் வந்து குடிசை போட்டிருக்கிறார்கள், கடல் சும்மா இருந்தால் கட்டாயம் கொண்டுவருவேன் என்கிறார். கடல் சும்மா இல்லை.

நவம்பர் 16

இன்றைய தேதி வந்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. 2018, நவம்பர் 15 ராத்திரி படுத்து 16 விடியும்வரை. சின்னவள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. மண்ணெண்ணெய் விளக்கும் அணைந்து, நாங்கள் ஐந்து பேரும் கூடத்து மூலையில் தேக்குக் கட்டிலுக்குக் கீழே. வடக்கே இருந்து அடித்தது. ஓடு ஒவ்வொன்றாகப் போகிற சத்தம் சீட்டுக்கட்டைக் கலைக்கிற மாதிரி கேட்டது. அப்புறம் திடீரென்று ஒன்றுமே இல்லை. முடிந்தது என்று பெரியவள் வெளியே போகக் கிளம்பினாள். அத்தை அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். 1952 புயலை அவர் சின்னப் பெண்ணாகப் பார்த்தவர். "திரும்பி வரும்" என்றார். வந்தது, இந்தத் தடவை தெற்கே இருந்து. வடக்குக் காற்றால் சாய்க்க முடியாத மரங்களையெல்லாம் அதுதான் சாய்த்தது.

காலையில் தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. தப்பின மரங்களின் இலையும் தீயில் வாட்டியது போலக் கருகியிருந்தது, அத்தனையும் உப்புக் காற்றின் வேலை. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. சின்னவள் ஒரு வேலைகூடச் சொல்லாமல் செய்தாள். விழுந்த இளநீரைப் பொறுக்கி, தெருவில் எல்லாருக்கும் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் குடிக்க வேறு தண்ணீர் கிடையாது.

எனக்கு அந்த நடுவில் வந்த அமைதிதான் இன்னும் பயம். மழை சட்டென்று நின்றால் காது கூர்மையாகிவிடுகிறது.

மரம் ஏறுகிறவருக்கு நானே போன் செய்தேன். இவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 17

மரத்தை வெட்டியாயிற்று. 31 காய். இவர் வயலுக்குப் போனவர் இருட்டித்தான் வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னவள் அறைக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து சாப்பிட்டார்.

நவம்பர் 18

தண்ணீர் வடிந்துவிட்டது. ஏழு நாள் ஆயிற்று. மேட்டுப் பக்கம் பிழைக்கும், பள்ளத்தில் அழுகல்.

நவம்பர் 19

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம். நாகப்பட்டினத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். படகுகளை மேட்டுக்கு இழுக்கிறார்கள். அகஸ்தியம்பள்ளியில் உப்புக் குவியல்களுக்கெல்லாம் ஏற்கெனவே கீற்று வேய்ந்து முடித்தாயிற்று, அவர்கள் முன்கூட்டியே செய்துவிடுவார்கள்.

சாயங்காலம் செவிலியர் அக்கா மழைக்கோட்டோடு வந்தார். கையில் பட்டியல். பிரசவ நாள் நெருங்கியவர்கள் எல்லாரையும் முன்னாலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் நாலு பேர், சின்னவள் இரண்டாவது பெயர். "28ஆம் தேதிதானே குறித்திருக்கிறது" என்றேன். "அம்மா, தேதி நமக்குத்தான், புயலுக்கு இல்லை" என்றார். நாளை மறுநாள் காலை வண்டி வருகிறது.

எனக்கு நிம்மதியாக இருக்கிறது. அழுகையும் வருகிறது. இந்த வீட்டிலிருந்துதான் கிளம்ப வேண்டும், இந்த வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று அறைக்கு வெள்ளை அடித்து வைத்திருந்தேன்.

நவம்பர் 20

நாள் பூராவும் தூறல். டப்பாவைத் திறந்தால் பாதிக்கு மேல் ஈரம். மழைத்தண்ணீரில் அலசியும் இப்படி. கூடத்தில் சட்டியில் கரி போட்டு, சாம்பிராணி தூவி, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்தேன். கூடையின் முதுகில் மூன்று மூன்று துணியாகப் போட்டுத் திருப்பித் திருப்பி எடுத்தேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்து, ஆச்சு, ஆகல்லே என்று பிரித்துப் போட்டார். சின்னவள் பார்த்துக்கொண்டே இருந்து அப்படியே தூங்கிவிட்டாள். இவர் வந்து கரியை ஊதிக் கொடுத்தார்.

ராத்திரி 1 மணிக்கு 19 துணி ஆயிற்று. அஞ்சு மீதம்.

நவம்பர் 21

காலை 5 மணி. மழை இல்லை. காற்று வடக்கே இருந்துதான் அடிக்கிறது, நிற்கவில்லை. மீதி அஞ்சு துணியைத் தாழ்வாரக் கொடியில் போட்டிருக்கிறேன். வண்டி 7 மணிக்கு.