திண்டிவனத்து மாடியில் பாலைவன ரோஜா: நாட்குறிப்பு

2024 மார்ச் 10, ஞாயிறு

புதுச்சேரி ரோட்டில் இருக்கிற ஒரு நர்சரியில் இன்று அடினியம் வாங்கினேன். 350 ரூபாய். பலகையில் பாலைவன ரோஜா என்று எழுதியிருந்தார்கள். ரோஜாவுக்கும் இதற்கும் உறவே கிடையாது, இது அரளிக் குடும்பம். அடித்தண்டு ஆரஞ்சுப் பழம் அளவுக்குப் பருத்திருக்கிறது, அதன் மேல் மூன்று கிளை, கிளை நுனியில் மட்டும் கொத்தாக இலை, இரண்டு பூ. பூவின் ஓரம் கருஞ்சிவப்பு, தொண்டைக்குள் போகப் போக வெளுத்து மஞ்சளாகிறது. அந்தப் பருத்த அடியை வளர்ப்பவர்கள் காடெக்ஸ் என்கிறார்கள், எங்கள் வீட்டில் கிழங்கு என்றாகிவிட்டது.

அத்தை பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, இது அரளி ஜாதியா? குழந்தை இருக்கிற வீட்டுல எதுக்கு?" அத்தை சொல்வது சரிதான். இலையைக் கிள்ளினால் வருகிற பாலில் விஷம் உண்டு, ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர்கள் அம்பு நுனியில் தடவியதே இதைத்தான். அதனால் மாடிக் கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டாயிற்று, செடியைத் தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும் என்று பாப்பாவுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

தொட்டியில் இருந்தது முழுக்கத் தென்னை நார்க்கழிவு. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. எல்லாவற்றையும் கழுவி எடுத்து, வேர் காயட்டும் என்று செடியைச் சும்மா நிழலில் வைத்திருக்கிறேன். மண்ணே இல்லாமல் கிடக்கிற செடியைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை, ஆனாலும் மூன்று நாள் அப்படியே கிடக்கட்டும்.

2024 மார்ச் 13

நட்டாயிற்று. எம் சாண்டைச் சலித்துத் தூளைக் கொட்டிவிட்டு மேலே நின்ற பருமணல் இரண்டு பங்கு, கொண்டைக்கடலை அளவுக்கு உடைத்த செங்கல் இரண்டு பங்கு, செம்மண் ஒன்று, மண்புழு உரம் ஒன்று, கூடவே ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. வாயகன்ற மண்தொட்டி, ஆழம் குறைவு. தண்ணீர் ஊற்றிப் பத்து எண்ணுவதற்குள் கீழ் ஓட்டை வழியாக வந்துவிட வேண்டும், வராவிட்டால் கலவை சரியில்லை என்று அர்த்தம். வெறும் பருமணலில் முதலில் சோதித்தபோது ஆறில் வந்தது, இந்தக் கலவையில் எட்டு. கிழங்கை மண்ணுக்குள் புதைக்கவில்லை, வேர் மட்டும்தான் உள்ளே. ஒவ்வொரு முறை தொட்டி மாற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கி நட்டால்தான் அந்தப் பருத்த வேர்களும் வெளியே தெரியும். முதல் தண்ணீர் இன்னும் ஐந்து நாள் கழித்துத்தான், அறுபட்ட வேர் ஆறுவதற்கு முன் ஈரம் பட்டால் அழுகும்.

2024 மே 9

கத்திரி தொடங்கி ஐந்து நாள். மாடித் தரையில் மதியம் கால் வைக்க முடியவில்லை, அடினியத்தில் பதினோரு பூ.

நேற்று கிழங்கை அழுத்தினேன், ரப்பர் பந்து மாதிரி அமுங்கியது. போச்சு, அழுகிவிட்டது என்றுதான் நினைத்தேன். நர்சரிக்காரருக்குப் போன் போட்டால் அவர் நிதானமாக, "எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அமுங்குதா, ஒரு இடத்துல மட்டும் பொதபொதன்னு இருக்கா?" என்றார். எல்லாப் பக்கமும் என்றேன். "அப்ப தாகம். நல்லா ஊத்துங்க." ஊற்றினேன். இன்று காலையில் கல் மாதிரி கெட்டியாகிவிட்டது, சுருங்கியிருந்த தோலும் விம்மி நிற்கிறது. பாலைவனச் செடி என்றால் தண்ணீரே கூடாது என்று நினைத்துக்கொண்டு இரண்டு மாதமாக வாரத்துக்கு ஒரு டம்ளர்தான் கொடுத்திருக்கிறேன், பாவம். வெயில் காலம்தான் இது வளர்கிற காலம், அப்போது மண் காயக் காய வயிறு நிறையக் கேட்கிறது. இனிமேல் நாள் கணக்கெல்லாம் கிடையாது, கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன், மண்ணில் ஒரு குச்சியைச் செருகிப் பார்ப்பேன், குச்சி காய்ந்து வந்தால் ஊற்றுவேன்.

2024 ஜூன் 16

எதிர் வீட்டு அக்கா குடும்பம் மாற்றலாகிக் கோயம்புத்தூர் போகிறார்கள். அவர்கள் மாடியில் எட்டு வருடமாக இருந்த அடினியத்தை எனக்குக் கொடுத்துவிட்டார். சிமெண்ட் தொட்டி, நான்கு பேர் சேர்ந்து தூக்கினார்கள். கிழங்கு குடம் மாதிரி, அதிலிருந்து கிளம்பும் வேர்கள் யானைத் தும்பிக்கை போல வளைந்து மண்ணுக்குள் இறங்குகின்றன. "ரெண்டு காய் வந்திருக்கு, விட்டுடாத" என்று சொல்லிவிட்டுப் போனார். காய் ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி ஜோடியாக, இளஞ்சிவப்பும் பச்சையுமாக இருக்கிறது. வெடித்தால் விதை பறந்துவிடும், நூலால் மூன்று இடத்தில் சுற்றிக் கட்டியிருக்கிறேன்.

2024 ஜூலை 2

காலையில் மாடிக்குப் போனால் சின்னச் செடியின் ஒரு கிளையில் காம்பு மட்டும்தான் மிச்சம். தேடிப் பார்த்தால் இலைக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் புழு, தலைக்குப் பின்னால் வெள்ளையும் நீலமுமாக இரண்டு பெரிய கண். அது கண் இல்லை, பறவையை மிரட்டுவதற்கான வேஷம். அரளி விட்டில் என்கிற பெரிய அந்துப்பூச்சியின் புழு இது, அரளி விஷம் இதை ஒன்றும் செய்வதில்லை. மருந்து அடிக்க மனசு வரவில்லை. கிளையோடு நறுக்கிக் கொண்டுபோய்த் தெருமுனைச் செவ்வரளியில் விட்டுவிட்டு வந்தேன். மொத்தம் மூன்று புழு. இனி தினமும் காலையில் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

2024 ஆகஸ்ட் 4

காய் வெடித்தது, நூல் காப்பாற்றியது. உள்ளே வைக்கோல் நிறத்தில் விதை, சீரகத்தை இரண்டு மடங்கு நீட்டிய மாதிரி, இரண்டு முனையிலும் பட்டுக் குஞ்சம். காற்றில் இது உருண்டுகொண்டே பறக்கும் என்பது பார்த்தாலே தெரிகிறது. பாப்பா எண்ணினாள், 61. குஞ்சத்தைக் கிள்ளிவிட்டு 40 விதையைப் பருமணலும் நார்க்கழிவும் சரிபாதி கலந்த தட்டில் படுக்கவைத்து, மேலே மெல்ல மணல் தூவினேன்.

ஆகஸ்ட் 8. நாலாம் நாளே முளைத்துவிட்டது! 33 முளை. மண்ணைவிட்டு வரும்போதே அடி தடித்துத்தான் வருகிறது, பச்சைப் பட்டாணிக்குக் கழுத்து முளைத்தாற்போல. கிளையை வெட்டி வைத்தும் வளர்க்கலாம், ஆனால் அதில் இந்தக் கிழங்கு இவ்வளவு அழகாகத் திரள்வதில்லை. விதைச் செடியில் பூ தாய்ச்செடி நிறத்தில்தான் வரும் என்று சொல்ல முடியாது. வரட்டும், எந்த நிறமானாலும் எனக்குச் சந்தோஷம்.

2024 அக்டோபர் 13

ஐப்பசி பிறக்கப்போகிறது. இனி தண்ணீரைக் குறைக்க வேண்டும். இந்தச் செடியின் சொந்த ஊர் சகாராவுக்குத் தெற்கே செனகலில் தொடங்கிச் சூடான், கென்யா என்று போய்க் கடலைத் தாண்டி ஏமன் வரைக்கும். ஏமனில்தான், டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு ஆய்வுக் குழுவில் இருந்த பீட்டர் ஃபோர்ஸ்கால் என்கிற தாவரவியலாளர் இதைச் சேகரித்தார். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர். 1763இல் அங்கேயே மலேரியாவில் இறந்துபோனார், வயது 31. கூடப் போனவர்களில் உயிரோடு ஊர் திரும்பிய கார்ஸ்டன் நீபூர் மட்டும் அந்தக் குறிப்புகளை 1775இல் அச்சில் கொண்டுவந்தார். அதில் இந்தச் செடியை அரளியோடு சேர்த்து, குண்டு அரளி என்று பொருள்படும் பெயர்தான் வைத்திருந்தார் ஃபோர்ஸ்கால். அத்தை ஒரே பார்வையில் சொன்னதும் அதுதானே! அடினியம் என்கிற பெயரில் இருப்பது ஏமனின் துறைமுகமான ஏடன், நம் ஊர் ஆட்கள் கப்பலில் லண்டன் போன காலத்தில் நின்று போன அதே ஏடன்.

அந்த ஊர்களில் மழை வந்தால் பாறை இடுக்கு வழியாக ஓடிப் போய்விடும், வேர் ஊறி நிற்காது. இங்கே ஐப்பசி கார்த்திகையில் ஒரு வாரம் விடாமல் நசநசக்கும். நம் வெயில் இதை ஒன்றும் செய்யாது, எனக்குப் பயமெல்லாம் மழைதான்.

2024 நவம்பர் 29

புயல் வருகிறது என்கிறார்கள். நாற்றுகள், மண்தொட்டி எல்லாம் மாடிப்படிக்கு அடியில் வந்துவிட்டன. சிமெண்ட் தொட்டி மட்டும் அசையவில்லை, நானும் அவரும் தள்ளிப் பார்த்தோம். தார்ப்பாயைப் போர்த்திக் கயிறு கட்டியாயிற்று.

2024 டிசம்பர் 1, ஞாயிறு

ஃபெஞ்சல் நேற்று ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது, கடந்த பிறகும் நகரவே இல்லை. பக்கத்தில் மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்கு மழை, ஒரே நாளில். கரண்ட் இல்லை. கீழ்த்தெருவில் முழங்கால் தண்ணீர், இரண்டு குடும்பம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, காலையிலிருந்து உப்புமா, கஞ்சி. செடியை நினைக்க நேரமில்லை. சாயங்காலம் மாடி ஏறியபோது தார்ப்பாயைக் காணவில்லை. தண்ணீர் வடிகிற ஓட்டையை வேப்பிலை அடைத்து மாடியில் கணுக்கால் தண்ணீர், சிமெண்ட் தொட்டி விளிம்பு வரை நிரம்பி நின்றது. அடியில் ஓட்டை இருக்கிறதா என்று ஜூனிலேயே நான் பார்த்திருக்க வேண்டும். கம்பியால் குத்தினேன், பழைய வேரும் சேறும் இறுகிக் கிடந்தது. கம்பி போகவே பத்து நிமிஷம் ஆயிற்று.

2024 டிசம்பர் 15

பெரிய செடியில் இலை எல்லாம் மஞ்சள். பனிக்காலத்தில் இலை உதிர்க்கிற செடிதான், அதனால் ஒரு வாரமாகச் சந்தேகப்படவில்லை. இன்று அழுத்திப் பார்த்தேன். மூன்று பக்கம் கல். நான்காவது பக்கம், தெற்குப் பார்த்த பக்கம், விரல் உள்ளேயே போய்விட்டது, புளித்த மாவு வாடை.

வெளியே எடுத்துக் கழுவினோம். அந்தப் பக்க வேரின் தோல் ஊறிய நிலக்கடலைத் தோல் மாதிரி கையோடு உரிந்து வந்தது. கத்தியை டெட்டாலில் துடைத்து வெட்ட ஆரம்பித்தேன். முதல் துண்டு பழுப்பு, அடுத்தது மஞ்சள், அப்புறம் வெள்ளை. வெள்ளை வந்துவிட்டது என்று நிறுத்தப் போனேன், உற்றுப் பார்த்தால் நடுவில் கடுகளவு ஒரு பழுப்புப் புள்ளி. புள்ளி போகும் வரை வெட்டினேன், ஒவ்வொரு தடவையும் கத்தியைத் துடைத்து. மூன்றில் ஒரு பங்கு கிழங்கு போயிற்று, எட்டு வருடத்துக் கிழங்கு. கடைசியில் சுத்தமான வெள்ளையில் பால் பொட்டுப் பொட்டாகத் துளிர்த்தது, அதைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. வெட்டிய இடம் முழுக்கப் பூஞ்சைக்கொல்லித் தூளைக் குழைத்துப் பூசி, ஸ்டோர் ரூமில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறேன். அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை.

2025 ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். காயம் காய்ந்து தோல் மாதிரி இறுகிவிட்டது, தட்டினால் டொக் டொக் என்கிறது. புதுத் தொட்டி, இந்தத் தடவை நானே மூன்று ஓட்டை போட்டேன், கலவையில் மண்புழு உரமே இல்லை. காய்ந்த மண்ணில் உட்காரவைத்து நான்கு பக்கமும் கல் முட்டுக் கொடுத்திருக்கிறேன், ஆடினால் வேர் பிடிக்காது. அக்காவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கிழங்கு கெட்டியா இருக்குல்ல? அப்ப வரும்" என்றார்.

2025 மார்ச் 9

33 நாற்றில் 27 இருக்கிறது. பனிக்காலத்தில் ஆறு போயிற்று, ஈரம்தான் காரணம். மிச்சத்தைத் தனித்தனிக் கப்பில் மாற்றினேன், கிழங்கு இப்போது நெல்லிக்காய் அளவு. நான்கை அக்காவுக்கு எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் அவர் தம்பி வரும்போது கொடுத்தனுப்ப வேண்டும்.

பெரிய செடியில் இன்னும் இலை இல்லை. முட்டுக் கொடுத்த கல் ஒன்றை எடுத்துவிட்டு லேசாக அசைத்துப் பார்த்தேன், போன மாதம் ஆடியது, இன்று ஆடவில்லை. வெட்டுப்பட்ட பக்கம், மற்றப் பக்கம், எல்லாம் அழுத்தினேன், ஒரே மாதிரி ரப்பர் பந்து. சரி, தாகம் எடுக்கிறது. அரை சொம்பு ஊற்றினேன், எட்டு எண்ணுவதற்குள் கீழே வந்துவிட்டது.