அங்கத்தினர் படிவத்தில் ஆறாவது கேள்வி

பிப்ரவரி 4, 2024, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் அங்கத்தினர் படிவத்தை வாங்கிக்கொண்டேன். இந்தச் சபைக்கு வந்து மூன்று வருடம். ஞாயிறு பள்ளியில் பாடம்கூட எடுக்கிறேன். ஐந்து கேள்வி வரை பேனா ஓடியது. ஆறாவது: 'விசுவாசித்தபின் முழுக்கு ஞானஸ்நானம் பெற்ற தேதி.' என்னிடம் இருப்பது, பழைய சபையில் குழந்தையாய்த் தலையில் தண்ணீர் விட்டு ஞானஸ்நானம் கொடுத்த, பிறந்த ஏழாவது வாரத்துத் தேதி. எழுதினேன், அடித்தேன்.

பிப்ரவரி 7, புதன்

போதகரைப் பார்த்தேன். கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. "திருவிருந்துல தாராளமா பங்கெடுங்க. அங்கத்தினர் ஆகணும்னா தொட்டியில இறங்கணும். இதை நாங்க மறு ஞானஸ்நானம்னு சொல்றதில்ல, இதுதான் முதல் ஞானஸ்நானம்."

அந்த 'முதல்' இரவெல்லாம் உறுத்தியது. பந்தியில் உட்காரலாம், வீட்டாள் என்று சொல்லிக்கொள்ளக் கூடாதாம்.

பிப்ரவரி 10, சனி

அப்போஸ்தலர் 16-ஐத் திரும்பத் திரும்பப் படித்தேன். சிறைச்சாலைக்காரனும் அவன் வீட்டாரும் அந்த இரவே ஞானஸ்நானம் பெற்றார்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்ததா? வசனம் வாய் திறக்கவில்லை. எங்கள் பழைய சபை 33-ஆம் வசனத்தைப் பிடித்துக்கொள்கிறது. இவர்கள், வீட்டாரோடு விசுவாசித்தான் என்கிற 34-ஐ. யூதர்கள் ஆண்குழந்தைக்கு எட்டாம் நாள் செய்யும் விருத்தசேதனத்தை (நுனித்தோல் நீக்கும் சடங்கை) ஞானஸ்நானத்தோடு சேர்த்துப் பார்க்கக் கொலோசெயர் 2:11, 12 இடம் தருகிறது. ஆனால் அங்கேயும் விசுவாசம் என்ற சொல் நடுவில் வந்து நிற்கிறது.

கி.பி. 200 வாக்கில் வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், சிறுபிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க அவசரப்படாதீர்கள் என்று எழுதினார். இந்தச் சபையார் இதை ஆசையாய் எடுத்துச் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது என்றால், அப்போதே கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? ஐம்பது வருடம் கழித்து, அதே வட ஆப்பிரிக்காவில், கார்த்தேஜில் கூடிய 66 ஆயர்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க எட்டாம் நாள்வரை காத்திருக்கவும் தேவையில்லை என்றார்கள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

அம்மா பீரோவிலிருந்து சான்றிதழை எடுத்துக் கொடுத்தார். மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுத்தாள் மஞ்சளாகியிருக்கிறது. ஆயர் கையெழுத்து பாதி மங்கிவிட்டது. ஞானப்பெற்றோர் பெயர்கள் மட்டும் பளிச்சென்று.

"ஒரே ஞானஸ்நானம்னு விசுவாசப் பிரமாணத்துல சொல்றோமேடா. அப்ப அன்னைக்கு நான் உன்னைத் தூக்கிட்டுப் போனது எதுக்கு?"

பதில் வரவில்லை. பதினைந்து வயதில், குழந்தையில் பெற்ற ஞானஸ்நானத்தை நாமே உறுதிசெய்யும் திடப்படுத்தலின்போது நானே வாய்திறந்து ஆமென்று சொன்னேன். என் சம்மதம் தண்ணீருக்குப் பிறகு வந்தது, அவ்வளவுதான். இங்கே வரிசைதான் வழக்கு.

பிப்ரவரி 14, புதன்

அம்மாவின் சபையில் இன்று சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். இங்கே சாதாரண புதன்.

1525 ஜனவரி 21-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில், குழந்தையில் பெற்றது செல்லாது என்று கிரேபெல், பிளௌராக்குக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இரண்டு வருடத்தில் அவர்கள் கூட்டாளி பெலிக்ஸ் மான்ஸை நகர ஆட்சியாளர்கள் லிம்மத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். குழந்தை ஞானஸ்நானத்தைக் காப்பாற்ற! என் கட்சிக்காரர்கள் செய்த வேலை. இதைப் படித்தபின் போதகர்மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது.

'மோட்சப் பிரயாணம்' எழுதிய ஆங்கிலப் போதகர் ஜான் பனியன் 1673-இலேயே, தண்ணீர் ஞானஸ்நானத்தில் கருத்து வேறுபட்டாலும் ஐக்கியத்தை மறுக்கக் கூடாது என்று வாதாடியிருக்கிறார். அவரே முழுக்குக்காரர். அவரை மறுத்து எழுதிய வில்லியம் கிப்பினும் முழுக்குக்காரர்தான்.

பிப்ரவரி 18, ஞாயிறு

தொட்டியில் இறங்க எனக்குக் கூச்சமில்லை. இறங்கினால், ஏழாவது வாரத்தில் நடந்தது வெறும் தலை நனைப்பு என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். அது என்னால் ஆகாது.

ஆறாவது கேள்வியில் 'விசுவாசித்தபின்' என்பதை அடித்து, 'பெற்றோர் விசுவாசத்தில்' என்று எழுதி, அந்தப் பழைய தேதியைப் போட்டுக் கொடுத்தேன். போதகர் இரண்டு தரம் படித்தார். "மூப்பர் கூட்டத்துலதான் வைக்கணும்" என்று மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார். கூட்டம் மார்ச்சில். அதுவரை ஞாயிறு பள்ளி வகுப்பை நானே எடுக்கலாமாம்.