தாய்–சேய் ஊடாட்ட ஆய்வுகள்: ஐயத்தோடு சேர்த்துப் படியுங்கள்

வளர்ச்சி உளவியல் தாளில் பராமரிப்பவருக்கும் கைக்குழந்தைக்கும் இடையிலான ஊடாட்டம் பற்றிக் கேட்டால், பலரும் பெயர், ஆண்டு, முடிவு என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். மதிப்பெண் கைநழுவுவது அங்கேதான். இந்த ஆய்வுகள் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஐயத்தைத் தீர்க்கவே வடிவமைக்கப்பட்டவை. அந்த ஐயம் பிடிபட்டால் செய்முறை தானாக நினைவில் நிற்கும்.

மெல்ட்சாஃப், மூர் 1977: பிறந்து 12 முதல் 21 நாளான குழந்தைகள். பெரியவரின் முகச் செய்கையை அவை பின்பற்றுமா என்று அறிய, நாக்கை நீட்டுவது, வாயைத் திறப்பது போன்ற செய்கைகளைக் காட்டினார்கள். குழந்தை தற்செயலாக நாக்கை நீட்ட, பெரியவர் தம்மையறியாமல் அதைப் பின்பற்றியிருந்தால்? அதற்காகத்தான் செய்கையைக் காட்டும்போது குழந்தையின் வாயில் சூப்பான். காட்டி முடித்து, முகத்தை அசைவில்லாமல் வைத்துக்கொண்ட பிறகே அதை எடுத்தார்கள். எந்தச் செய்கை காட்டப்பட்டது என்று தெரியாதவர்களே வீடியோவை மதிப்பிட்டார்கள். விமர்சனப் பகுதியில் ஊஸ்டன்ப்ரோக் குழுவின் 2016 ஆய்வு கட்டாயம் வரவேண்டும். 106 குழந்தைகளை 1, 3, 6, 9 வாரங்களில் பார்த்தபோது, வேறு செய்கைகளைக் காட்டினாலும் நாக்கு அதே அளவு வெளியே வந்தது; அப்படியானால் அதைப் பின்பற்றல் என்று சொல்ல முடியாது.

ட்ரோனிக் குழு 1978-இல் வெளியிட்ட அசையா முகச் சோதனையில் இன்று வழக்கமாக மூன்று கட்டங்கள்: இயல்பான விளையாட்டு, தாயின் உறைந்த முகம், மீண்டும் விளையாட்டு. பலர் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். தாய் மறுபடி சிரித்த பிறகும் குழந்தையின் மனநிலை உடனே முழுமையாகத் திரும்புவதில்லை என்பது அங்கேதான் தெரிகிறது.

ஆனால் உறைந்த முகமே விசித்திரமானது, குழந்தை மிரண்டது அதனாலும் இருக்கலாமே? இதற்கு மர்ரே, ட்ரெவார்த்தன் 1985-இல் கண்ட வழி அழகானது. தாயும் குழந்தையும் வீடியோத் திரை வழியே நேரலையில் கொஞ்சிக்கொண்டார்கள். பிறகு தாயின் அதே பதிவு குழந்தைக்கு மறுபடி ஓடியது. அதே சிரிப்பு, அதே குரல். குழந்தையின் செய்கைக்கு ஏற்ற பதில் மட்டும் இல்லை. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. களைப்பு காரணமாக இருக்கலாம் என்ற எதிர்வாதத்துக்கு விடை, பதிவுக்குப் பின் மீண்டும் நேரலைக்குத் திரும்பிய நடேல் குழுவின் 1999 ஆய்வு.

செய்முறைத் தேர்வில் இரண்டு பேர் ஒரே வீடியோவைக் குறியிடும்போது ஒப்புதல் சதவீதத்தை மட்டும் எழுதாதீர்கள். குழந்தை தாயைப் பார்க்கிறதா என்று வீடியோவின் 100 நேர இடைவெளிகளில் குறிக்கும்போது, இருவரும் 70-இல் ‘பார்க்கிறது’, 10-இல் ‘பார்க்கவில்லை’ என்று ஒத்துப்போகிறார்கள். மீதி 20-இல் ஆளுக்குப் பத்து முறை ஒருவர் மட்டும் ‘பார்க்கிறது’ என்கிறார். ஒப்புதல் 80%. இருவருமே 80 முறை ‘பார்க்கிறது’ என்று குறித்திருப்பதால் தற்செயலாகவே 0.8×0.8 + 0.2×0.2 = 0.68 வந்துவிடும். தற்செயல் ஒப்புதலைக் கழித்துப் பார்க்கும் அளவான கோஹனின் கப்பா (0.80−0.68)/(1−0.68), அதாவது 0.375 மட்டுமே. இப்படி வந்தால் ‘பார்க்கிறது’ என்பதன் வரையறையை இறுக்குங்கள்: கண் தாயின் முகத்தில் எத்தனை நொடி நிற்க வேண்டும், தலை திரும்பினால் போதுமா என்று எழுதி வைத்துவிட்டு, முதலிலிருந்து குறியிடுங்கள்.